துறை

காவிரிக் கரையில் ஒருநாள் உலாப் போகிறவர்கள் ஊர்ப்பெயர்ப் பலகைகளை நின்று படிக்க வேண்டும். திருச்சியிலிருந்து கரூர் போகும் சாலையில் திருப்பராய்த்துறை. அதற்கும் மேற்கே குளித்தலையில் கடம்பந்துறை. கிழக்கே பாபநாசத்தை அடுத்துத் திருப்பாலைத்துறை. கொள்ளிடத்தின் வடகரையில் அன்பில் ஆலந்துறை. பராய், கடம்பு, பாலை, ஆல் எல்லாம் கரையில் நின்ற மரங்கள். எங்கே இறங்கலாம் என்பதற்கு மரமே அடையாளம். அந்த அடையாளமே ஊருக்குப் பெயராயிற்று.

ஆற்றிலோ கடலிலோ ஆள் இறங்கி ஏற வாகான இடம்தான் துறை. கல்லைப் பாவிப் படி கட்டிய பிறகு அது படித்துறை ஆயிற்று. தோணித்துறை, பரிசல்துறை, வண்ணான்துறை என்று செய்யும் தொழிலையும் முன்னால் சேர்த்துக்கொண்டது. நெய்தல் நிலத் தலைவனுக்குத் துறைவன் என்றே பெயர். இலக்கணக்காரர்கள் இன்னும் துணிந்தார்கள்: திணை என்னும் பெரும்பரப்புக்குள் இறங்கும் வழிகளைத் துறைகள் என்றார்கள். புறநானூற்றுப் பாடல்களின் அடிக்குறிப்பில் இன்றும் திணையும் துறையும் சேர்ந்தே வருகின்றன. கற்றுத் தேர்ந்தவரைத் 'துறைபோகியவர்' என்பது எனக்கு மிகப் பிடித்த வழக்கு. பிறகு கல்வித்துறை, காவல்துறை எல்லாம் வந்தன. நீர்வளத்துறை என்று எழுதும்போது சொல் தாய்வீட்டுக்கே திரும்பிவிடுகிறது!

பெயரில் மட்டுமல்ல, வழக்கத்திலும் துறை உயிரோடிருப்பதைப் பார்க்க ஐப்பசிதான் மாதம். முதல் நாள் திருப்பராய்த்துறையில் முதல் முழுக்கு. கடைசி நாள் மயிலாடுதுறை துலாக்கட்டத்தில் கடைமுழுக்கு. வரமுடியாமல் போனவர்களுக்காகக் கார்த்திகை முதல் நாள் முடவன் முழுக்கு. மாயூரம், மாயவரம் என்று வழங்கிய அந்த ஊர் தேவாரம் பாடிய பழைய பெயருக்கே திரும்பியது நல்ல காரியம். பெயரோடு துறையும் மீண்டது.

தாமிரபரணிக்குப் போனால் நெல்லைக் குறுக்குத்துறையைப் பாருங்கள். ஆற்றுக்குள்ளேயே முருகன் கோயில். வெள்ளத்தைப் பிளந்து அனுப்பப் படகின் முனைபோல் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். வெள்ளம் ஏறினால் கோயிலே மூழ்கும். வடிந்ததும் கழுவிவிட்டுப் பூசை தொடரும். ஆற்றோடு சண்டைபோடாத கட்டடக்கலை இது.

இந்தத் துறைகளில் இன்று காலில் முதலில் சிக்குவது, பரிகாரம் என்று ஆற்றில் விட்ட பழந்துணி. போகிறவர்கள் படியில் உட்காருங்கள், ஆழம் விசாரித்து இறங்குங்கள், ஆசைதீரக் குளியுங்கள். உடுத்திப் போன துணியை மட்டும் வீட்டுக்கே கொண்டுவந்துவிடுங்கள்.