இராகப் பெயரும் இசை வடிவமும்: கொல்கத்தாவில் கீதகோவிந்த இசை தேடப்பட்ட வரலாறு

இடைக்காலப் பாடல்களை இன்றைய அவையில் பாடுவோர் பழைய இசையைப் பாடுகின்றனரா, பழைய சொற்களுக்குப் பின்வந்த இசையைப் பொருத்திப் பாடுகின்றனரா என்னும் வினா, தேவாரப் பண்ணாய்வில் தொடர்ந்து எழுந்து வருவதாகும். இவ்வினா தமிழகத்திற்கு மட்டும் உரியதன்று. கொல்கத்தாவில் இது பதினெட்டாம் நூற்றாண்டிலேயே எழுந்தது. அங்கு நிகழ்ந்த தேடலின் வரலாறு தமிழிசை ஆய்வாளருக்கும் பயன்படும் என்பதால் இக்கட்டுரை அதனை எடுத்துக்கொள்கிறது.

1784-இல் கொல்கத்தாவில் ஆசியக் கழகத்தை நிறுவிய வில்லியம் ஜோன்ஸ், இந்திய இசைமுறைகள் குறித்து எழுதிய கட்டுரை 1792-இல் அக்கழகத்தின் ஆய்வுத் தொகுதியில் வெளிவந்தது. கீதகோவிந்தத்தின் பாடல்தோறும் ஜெயதேவர் இராகப் பெயரைக் குறித்திருப்பதைக் கண்டு, அதன் மூல இசையும் கிடைக்கும் என்று தாம் நம்பியதாக ஜோன்ஸ் அதில் கூறுகிறார். தென்னாட்டுப் பண்டிதர்கள் மேற்கே கேட்குமாறு சொன்னார்கள். மேற்கிலிருந்தோர் வடக்கைக் காட்டினர். நேபாளத்தாரும் காசுமீரத்தாரும் தம்மிடம் பழைய இசை ஏதுமில்லை என்றும், எங்கேனும் இருக்குமாயின் அது தெற்கில்தான் இருக்கும் என்றும் மறுமொழி கூறினர். ஒவ்வொரு நாட்டாரும் அடுத்த நாட்டாரிடம் மூலம் இருப்பதாக நம்பியதை இச்செய்தி காட்டுகிறது. (தமிழிசை மூலங்களைத் தேடியோர்க்கும் இத்தகைய பட்டறிவு புதிதாக இராது.)

கீதகோவிந்தம் பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சார்ந்தது. பன்னிரண்டு சருக்கங்களும் இருபத்துநான்கு பாடல்களும் உடையது. இராகம், தாளம் ஆகியவற்றின் பெயர்கள் ஏடுகளில் உள்ளன, சுரங்கள் இல்லை. முதற்பாடலுக்கு மாளவ இராகமும் ரூபக தாளமும் குறிக்கப்பட்டுள்ளன. அப்பாடலைத் தமிழகப் பஜனை மரபினர் சௌராஷ்டிர இராகத்தில் பாடுகின்றனர். காளிகாட்டை அடுத்த லேக் மார்க்கெட், ராஸ்பிகாரி அவென்யூ பகுதிகளில் வாழும் தமிழர், வீட்டுப் பஜனையில் கேட்ட அஷ்டபதியை வங்கப் பாடகர் வாயிலாகக் கேட்பின் சொல்லை அடையாளம் காண்பர். இசையை அடையாளம் காண்பது அரிது.

ஜோன்ஸுக்குக் கிட்டாத இசையை அதே நகரில் அச்சில் தர முனைந்தவர் க்ஷேத்திரமோகன் கோஸ்வாமி. விஷ்ணுபூர் இசை மரபில் பயின்ற இவர், பாதுரியாகாட்டா தாகூர் குடும்பத்தின் ஆதரவைப் பெற்றவர். சுரத்தின் மேல் இடும் சிறு கோடுகளால் மாத்திரையைக் காட்டும் 'தண்டமாத்திரை' என்னும் இசைக்குறிமுறையை உருவாக்கினார். கீதகோவிந்தப் பாடல்களுக்கு இவர் அமைத்த சுரலிபி நூல் 1871-இல் வெளிவந்தது. இவருடைய மாணவரான சௌரீந்திரமோகன் தாகூர் வங்க இசைப்பள்ளியைத் தொடங்கியதும் அவ்வாண்டிலேயே ஆகும். வாய்மொழியாகக் கற்ற இசையை அச்சு நூல்வழிக் கற்கும் புதிய மாணவர் கூட்டத்தை இம்முயற்சிகள் கருதின.

இந்நூலின் பயன் பெரிது. ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. அது பத்தொன்பதாம் நூற்றாண்டு விஷ்ணுபூர்ப் பயிற்சி பெற்ற ஒருவர் தந்த வடிவம். ஜெயதேவர் செவியில் ஒலித்த இசைக்குச் சான்றாகாது. இராகப் பெயர்கள் நீண்ட ஆயுள் உடையன. அவை சுட்டும் சுரக்கோவையோ நூற்றாண்டுதோறும், நாடுதோறும் மாறுவது. அச்சேறிய சுரலிபி இம்மாற்றத்தை மறைத்து, பின்னைய வடிவத்திற்கு மூலத்தின் மதிப்பைத் தந்துவிடக்கூடும்.

அச்சு நூலைச் சாராமல் வந்த மற்றொரு மரபும் வங்கத்தில் உண்டு. அதுவே பதாவளி கீர்த்தனம். பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நரோத்தம தாசர் கேதுரியில் கூட்டிய விழாவோடு கராணஹாட்டி என்னும் விளம்பநடைக் கீர்த்தனமுறை தொடர்புபடுத்தப்படுகிறது. கோல் என்னும் மத்தளமும் கரதாளமும் ஒலிக்க, சைதன்யரைப் பற்றிய கௌரசந்திரிகையை முதலிற் பாடி, அதன்பின் கண்ணன் லீலைப் பதங்களைப் பாடுவர். பதத்தின் அடிகளுக்கிடையே பாடகர் தம் சொற்களால் பொருளை விரித்துப் பாடும் பகுதி 'ஆகர்' எனப்படும். பிரஜபுலி போன்ற பழைய இலக்கிய மொழி கேட்போருக்கு எட்டாதபோது ஆகரே பாலமாக நின்றது. இடைக்காலப் பாடலைப் பிற்காலக் கேட்போருக்குரியதாக்கும் வழியை மரபே வகுத்துக்கொண்டிருந்தது எனலாம்.

கொல்கத்தாவில் 1902-இல் கிராமபோன் ஒலிப்பதிவு தொடங்கிய பின்னர், பல மணி நேரம் நீளும் இக்கலை ஏறத்தாழ மூன்று நிமிடத்திற்குள் அடங்க வேண்டியதாயிற்று. இசைத்தட்டு, கிருஷ்ணசந்திர தே போன்றோரின் குரலைத் தொலைவிலிருந்தோர்க்கும் கொண்டுசேர்த்தது. விரிவான ஆகருக்கு அதில் இடமில்லை. சுருங்கிய வடிவமே கீர்த்தனம் என்று கருதும் கேட்போரும் உருவாயினர். இவ்விழப்பு இராக மாற்றத்தினும் பெரிது என்பது இக்கட்டுரையாளர் கருத்து. இராகம் மாறினும் பாடலின் உயிர் நிற்கும். பாடகரும் அவையும் சேர்ந்து பொருள் காணும் இடம் அகன்றால், எஞ்சுவது இனிய ஓசை மட்டுமே.

தேவாரத்தின் நிலை இவ்வகையில் ஒப்பிடத்தக்கது. குடுமியான்மலைக் கல்வெட்டில் சுரக்குறிகள் உள, பாடல் இல்லை. தேவாரத்தில் பாடலும் பண்ணின் பெயரும் உள, சுரம் இல்லை. 1943-இல் தோன்றிய தமிழ் இசைச் சங்கம் 1949 முதல் நடத்திவந்த பண் ஆராய்ச்சிக் கூட்டங்களில் ஓதுவாரும் அறிஞரும் கூடிப் பண்களுக்கு நிகரான இராகங்களை ஆராய்ந்தனர். இன்றைய ஓதுவார் வழக்கில் காந்தாரம், பியந்தைக்காந்தாரம், கொல்லி, கொல்லிக்கௌவாணம் ஆகிய நான்கும் நவரோசு இராகத்திலேயே பாடப்படுகின்றன. நான்கும் தொடக்கத்தில் ஒன்றாக இருந்திருப்பின் அவற்றைத் தனித்தனிப் பெயரால் வகுத்திருக்கத் தேவையில்லை. நவரோசு என்னும் பெயரோ பாரசீகச் சொல்வழி வந்தது. ஆகவே இன்றைய வடிவத்தில் பிற்காலப் படிவு இருப்பது தெளிவு. ஓதுவார் மரபை இது குறைத்துரைப்பதாகாது; அம்மரபு இன்றேல் ஒப்பிடுவதற்கு எதுவுமே எஞ்சியிராது.

பண்ணைவிடக் கட்டளை உறுதியான சான்று. சீர்களின் அளவும் அவற்றின் அடுக்கும் பாடலின் சொல்லிலேயே பதிந்துள்ளன. ஏடு பெயர்த்து எழுதியோரால் அவற்றை எளிதில் மாற்ற இயலவில்லை. கீதகோவிந்தத்தின் மாத்திரைக் கணக்கும், ஒவ்வொரு கண்ணிக்குப் பின்னும் திரும்பி வரும் துருவ அடியும் அத்தகையனவே. இன்று மேடையில் பாட முனைவோர் தாளநடையையும் மீளும் அடியையும் இவற்றைக் கொண்டு அமைத்து, இராகம் யாருடைய வழக்கிலிருந்து பெறப்பட்டது என்பதை அவைக்கு அறிவிக்கலாம். இப்பதிகம் காந்தாரப் பண்ணுக்குரியது, ஓதுவார் வழக்கின்படி இங்கு நவரோசில் பாடப்படுகிறது என்று நிகழ்ச்சித் தாளில் அச்சிட ஒரு வரி போதும்.