பவளத் தொட்டியில் நீலப்பச்சைப்பாசிப் படர்வு

பவளத் தொட்டியில் நீலப்பச்சைப்பாசிப் படர்வு என்பது, வீட்டில் வளர்க்கப்படும் கடல்நீர் மீன்தொட்டியின் மணல், பாறை, பவளம் ஆகியவற்றின் மேல் சயனோபாக்டீரியா எனப்படும் நுண்ணுயிர்கள் வழுவழுப்பான படலமாகப் பெருகி மூடிக்கொள்ளும் நிலையைக் குறிக்கும். பெயரில் பாசி என்று இருந்தாலும் இவை ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியாக்கள் ஆகும். அதுபோலவே, பெயரில் நீலமும் பச்சையும் இருந்தாலும் கடல்நீர்த் தொட்டியில் இவை பெரும்பாலும் கருஞ்சிவப்பு நிறத்திலேயே காணப்படுகின்றன. ஃபைக்கோஎரித்ரின் என்னும் சிவப்பு நிறமி மிகுந்திருப்பதே இதற்குக் காரணம்.

இந்நுண்ணுயிர்கள் எல்லாக் கடல்நீரிலும், எல்லாத் தொட்டியிலும் சிறு அளவில் எப்போதும் இருப்பவை. ஆகவே படர்வு என்பது புதிதாக ஒன்று நுழைந்ததைக் காட்டுவதைவிட, தொட்டியின் நீரும் ஓட்டமும் மாறிவிட்டதையே காட்டுகிறது. தொட்டி வளர்ப்போர் பலர் இதை ஒரு நோயாகக் கருதி முதலில் மருந்தைத் தேடுகின்றனர். படர்வால் இறக்கும் மீன்களைவிட, அவசரச் சிகிச்சையால் இறக்கும் மீன்களே மிகுதி எனலாம்.

தமிழகக் கடலில்

தொட்டியில் நிகழ்வதன் பெரிய வடிவம் கடலிலும் உண்டு. டிரைக்கோடெஸ்மியம் என்னும் மிதக்கும் நீலப்பச்சைப்பாசி பாம்பன் பகுதியில் திரளாகத் தோன்றியதையும், அங்குள்ள கடல்வாழ் உயிரினங்களை அது பாதித்த விதத்தையும் சிதம்பரம், உண்ணி ஆகிய இருவரும் 1944இல் கரண்ட் சயின்ஸ் இதழில் பதிவு செய்தனர். இத்தகைய திரள்கள் மடிந்து அழுகும்போது நீரில் கரைந்துள்ள ஆக்சிசன் செலவழிந்துவிடுகிறது. அருகிலுள்ள மீன்கள் மூச்சடைத்து இறக்கின்றன.

2019 செப்டம்பரில் மண்டபம், பாம்பன் கரையோரத்தில் கடல் பச்சை நிறமாகி மீன்கள் இறந்து ஒதுங்கியதை இதனுடன் குழப்பிக்கொள்ளலாகாது. மீனவர்கள் பூங்கோரை என்று அழைக்கும் அது நாக்டிலூக்கா என்னும் வேறு வகை உயிரி. எனினும் மீன்களின் இறப்புக்கு அங்கும் ஆக்சிசன் குறைவே காரணமாகக் கூறப்பட்டது.

இயற்கைப் பவளங்களைத் தாக்கும் கரும்பட்டை நோயும் நீலப்பச்சைப்பாசி முதன்மையாக அமைந்த ஒரு படலமே. பவளத்தின் உயிருள்ள தசையைத் தின்றபடி ஒரு கருநிறக் கோடாக நகரும் இந்நோய் மன்னார் வளைகுடாவிலும் பாக்கு விரிகுடாவிலும் பதிவாகியுள்ளது. தொட்டியில் வரும் சாதாரணச் சிவப்புப் படலம் அவ்வளவு கொடியதன்று. அது பவளத்தை நேரடியாகத் தின்பதில்லை. ஒளியையும் நீரோட்டத்தையும் மறைத்து மெல்ல மூச்சடைக்கச் செய்கிறது.

தமிழ்நாட்டில் இவ்வுயிர்களைப் பற்றிய ஆய்வுக்கு நீண்ட மரபு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தேசிகாச்சாரி 1959இல் வெளியிட்ட சயனோஃபைட்டா என்னும் நூல் உலகெங்கும் இனங்காணப் பயன்படுத்தப்பட்டது. திருச்சிராப்பள்ளி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் கடல்சார் நீலப்பச்சைப்பாசிகளுக்கென்றே ஒரு தேசிய மையம் நிறுவப்பட்டது.

இனங்காணல்

படலம் துணியைப் போல ஒரே தாளாக உரிந்து வரும். விரலில் எடுத்தால் வழுக்கும். உலர்ந்தால் மண்வாடையோ அழுகல் வாடையோ வீசும். பகலில் ஒளிச்சேர்க்கையால் உண்டாகும் ஆக்சிசன் குமிழ்கள் படலத்தின் மேல் முத்துப்போல ஒட்டியிருக்கும்.

புதிய தொட்டியில் முதல் சில வாரங்களில் மணல் மேல் படியும் பழுப்புத் தூள் டயாட்டம் ஆகும். அது தானாகவே மறையும். சளி போன்ற பழுப்பு இழைகள் குமிழ்களுடன் தொங்கி, இரவில் பெரிதும் குறைந்து, பகலில் மீண்டும் தோன்றினால் அது டைனோஃபிளாஜெல்லேட்டாக இருக்கக்கூடும். இவ்வேறுபாடு முக்கியமானது. டைனோஃபிளாஜெல்லேட் பெரும்பாலும் ஊட்டம் மிகக் குறைந்த நீரில் தோன்றுவதால், நீலப்பச்சைப்பாசிக்கான சிகிச்சை அதை மேலும் பெருகச் செய்துவிடும். ஐயம் இருப்பின் ஒரு துளியை நுண்ணோக்கியில் பார்ப்பதே உறுதியான வழி. பள்ளி ஆய்வகத்தில் உள்ள நுண்ணோக்கியே போதுமானது. நீலப்பச்சைப்பாசி நீண்ட, மெல்லிய, கணுக்கணுவான இழைகளாகத் தெரியும்.

காரணங்கள்

மிகுதியான இரை முதற்காரணம். உறைந்த இறாலையோ மீன் துண்டையோ உருகிய நீருடன் அப்படியே தொட்டியில் ஊற்றுவதால் பாஸ்பேட் ஏறுகிறது. அடுத்தது நீரோட்டக் குறைவு. பாறையின் பின்புறம், தொட்டியின் மூலை, மணலின் மேற்பரப்பு என நீர் தேங்கும் இடங்களிலேயே படலம் முதலில் தோன்றும். தமிழகத்தின் கோடைவெப்பமும் மின்தடையும் சேர்ந்தால் இந்நிலை விரைவில் உருவாகிறது.

நைட்ரேட்டை முற்றிலும் அகற்றுவது தீர்வாகாது என்பது பலருக்கு வியப்பளிக்கும். சில நீலப்பச்சைப்பாசிகள் நீரில் கரைந்துள்ள நைட்ரசன் வளிமத்தையே நிலைப்படுத்திக்கொள்ளும் ஆற்றல் பெற்றவை. நைட்ரேட் சுழியமாகவும் பாஸ்பேட் மிகுந்தும் உள்ள நீரில் மற்ற பாசிகள் பட்டினி கிடக்க, இவை தழைக்கின்றன. நைட்ரேட் லிட்டருக்கு 2 முதல் 10 மில்லிகிராம், பாஸ்பேட் 0.03 முதல் 0.1 மில்லிகிராம் என்ற எல்லையில் இரண்டும் இருப்பது நல்லது எனப் பவளத் தொட்டி வளர்ப்போர் கருதுகின்றனர்.

கரையோர ஊர்களில் நீரும் கல்லும்

உள்நாட்டு நகரங்களில் ஆர்.ஓ. நீரில் செயற்கைக் கடலுப்பைக் கரைத்தே தொட்டி நிரப்பப்படுகிறது. புதுக்கோட்டை மாவட்டத்தின் கோட்டைப்பட்டினம் போன்ற ஊர்களில் கடல் வீட்டு வாசலிலேயே இருப்பதால் அந்நீரையே பயன்படுத்தலாம் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் பாக்கு விரிகுடா ஆழங்குறைந்தது. பெரும்பாலான இடங்களில் 15 மீட்டரைத் தாண்டாது. அடிச்சேறு எளிதில் கலங்கும். வடகிழக்குப் பருவமழையின்போது ஆற்றுநீரும் வயல்நீரும் உரச்சத்துடன் வந்து கலந்து உப்பளவைக் குறைக்கின்றன. விசைப்படகுகள் நிற்கும் துறையருகே டீசலும், படகின் அடிப்பகுதிக்குப் பூசும் வண்ணத்திலிருந்து கசியும் செம்பும் நீரில் இருக்கும். செம்பு மிகச் சிறு அளவிலும் பவளத்துக்கும் சங்கினங்களுக்கும் நஞ்சாகும்.

இயற்கைக் கடல்நீரையே எடுப்பதாயின், மழையற்ற நாட்களில், துறையிலிருந்தும் இறால் பண்ணைகளின் வடிகாலிலிருந்தும் விலகி, கரையை விட்டுத் தள்ளி எடுக்கவேண்டும். எடுத்த நீரை வடிகட்டி, இறால் குஞ்சுப் பொரிப்பகங்களில் செய்வதுபோல் குளோரின் இட்டுக் கிருமி நீக்கி, எஞ்சிய குளோரினைச் சோடியம் தயோசல்பேட்டால் அகற்றிய பின்னரே தொட்டியில் சேர்க்கவேண்டும்.

கரையில் ஒதுங்கிக் கிடக்கும் பவளக்கல்லை எடுத்து வைப்பது வேறு வகைச் சிக்கல். கல் கட்டும் பவளங்கள் அனைத்தும், கடல்விசிறிகளும், கடல் அட்டைகளும் 2001இல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. மணலைத் துப்புரவாக்கக் கடல் அட்டை விடுமாறு வெளிநாட்டு நூல்கள் கூறும் அறிவுரை இந்தியக் கடல் அட்டைகளுக்குப் பொருந்தாது. சட்டத்தைத் தவிர்த்துப் பார்த்தாலும், பழைய பவளக்கல் தன்னுள் தேங்கிய பாஸ்பேட்டை மாதக்கணக்கில் கசியவிட்டுப் படர்வை நீட்டிக்கிறது. சுட்டமண் அல்லது சிமெண்டால் செய்த கல்லே பாதுகாப்பானது.

கட்டுப்படுத்தும் முறை

முதல் வேலை படலத்தைக் கையால் அகற்றுவது. தூரிகையால் தேய்த்தால் துண்டுகள் தொட்டியெங்கும் சிதறும். ஆகவே மெல்லிய குழாயால் உறிஞ்சி, அந்நீருடன் சேர்த்தே வெளியேற்றவேண்டும். இழந்த நீருக்கு ஈடாகப் புதுநீர் ஊற்றும்போது ஒரு முறைக்கு 10 முதல் 15 விழுக்காடு வரை மாற்றலாம். பல வாரங்களுக்கு இதைத் தொடரவேண்டியிருக்கும். இரையைக் குறைத்து, உறைந்த இரையை அலசி இடவேண்டும். நீர் தேங்கும் மூலையை நோக்கி அலை உண்டாக்கும் பம்பைத் திருப்பவேண்டும். நுரையால் கழிவைப் பிரிக்கும் ஸ்கிம்மரின் கிண்ணத்தை நாள்தோறும் கழுவினால் அது நன்கு வேலை செய்யும்.

இவற்றால் குறையாதபோது மூன்று நாட்கள் விளக்கை அணைத்து, தொட்டியைத் துணியால் மூடி இருட்டாக்கும் முறை உண்டு. நலமான பவளங்கள் பொதுவாக இதைத் தாங்கும். ஆனால் இருட்டாக்கும் முன் படலத்தை இயன்றவரை உறிஞ்சி எடுத்துவிடவேண்டும். இல்லையேல் இருட்டில் இறக்கும் படலம் நீரிலேயே அழுகி, தான் உண்ட ஊட்டத்தைத் திருப்பித் தந்துவிடும்.

மருந்து

எரித்ரோமைசின் என்னும் எதிருயிரி நீலப்பச்சைப்பாசியைச் சில நாட்களில் கொன்றுவிடும். இந்தியாவில் இது மருத்துவரின் சீட்டின்றி விற்கக்கூடாத மருந்து. பலன் விரைவாகத் தெரிவதே இதன் ஆபத்தும் ஆகும். பெருந்திரள் ஒரே நேரத்தில் மடியும்போது பாம்பன் கடலில் நிகழ்ந்ததே தொட்டியிலும் நிகழும். கடல்நீர் 25 பாகை செல்சியசில் லிட்டருக்கு ஏறத்தாழ 6.7 மில்லிகிராம் ஆக்சிசனை ஏற்கும். 30 பாகையில் இது 6.2 ஆகக் குறையும். ஒளிச்சேர்க்கை இல்லாத இரவில், வெப்பமான அறையில், இவ்விருப்பும் விரைவில் தீர்ந்துவிடும். மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாய் திறந்து மூச்சுவிடுவது முதல் அறிகுறி. அம்மோனியாவை மாற்றும் நன்மை பாக்டீரியாக்களும் மருந்தால் பாதிக்கப்படலாம் என்பதால் அம்மோனியாவை நாள்தோறும் அளக்கவேண்டும்.

தவிர்க்க இயலாத நிலையில் மருந்திடுவோர், முன்னதாகப் படலத்தை அகற்றி, காற்றுக்கல்லை இரவும் பகலும் இயக்கி, மின்தடைக்கு மின்கலத்தில் இயங்கும் காற்றுப்பம்பு ஒன்றை ஆயத்தமாக வைத்திருக்கவேண்டும். கரித்துண்டு வடிகட்டி மருந்தை உறிஞ்சிவிடுமாதலால், சிகிச்சை முடியும்வரை அதை எடுத்துவிட்டு, முடிந்தபின் திரும்ப வைக்கவேண்டும். மருந்து கலந்த நீரைக் கடலிலோ கழிமுகத்திலோ ஊற்றலாகாது. மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்கள் அங்கே உருவாக அது வழிசெய்யும். கோட்டைப்பட்டினத்தை ஒட்டிய பாக்கு விரிகுடாவில் கடற்பசுவுக்கென 2022 செப்டம்பரில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. அவ்விலங்கு உண்ணும் கடற்புற்கள் வளர்வது கரையோரத்தின் இதே ஆழங்குறைந்த நீரில்தான்.