ரெண்டு சட்டசபை, ஒரு பஸ் ஸ்டாண்டு

2021 ஜனவரி. சியாட்டில் பக்கம் விடாத மழை. பக்கத்து வீட்டு அம்மையார் முகக்கவசமும் குடையுமாக வந்து கதவைத் தட்டினார். மாநில சட்டசபைக்குச் சுத்தமான எரிபொருள் பற்றி ஒரு மசோதா வந்திருக்கிறதாம். தொகுதி உறுப்பினருக்கு நானும் ரெண்டு வரி எழுத வேண்டுமாம். "எனக்கு இங்கே ஓட்டே கிடையாதே" என்றேன். "இந்த ஊர்க் காற்றைத்தானே நீங்களும் சுவாசிக்கிறீர்கள்?" என்றார்.

எழுதினேன். என்னைப் போல் ஆயிரக்கணக்கானவர்கள் எழுதியிருப்பார்கள். அந்த வருடம் மே 17-ல் கவர்னர் ஜே இன்ஸ்லீ கையெழுத்திட்டார். 2023 ஜனவரியில் சட்டம் நடைமுறைக்கு வந்தது. வண்டி எரிபொருளின் கார்பன் அளவை 2017-ல் இருந்ததைவிட 20 சதவீதம் குறைக்க வேண்டும், அதற்கு 2034 வரை கெடு என்பதுதான் முதலில் வைத்த இலக்கு. 2025-ல் அதை இன்னும் கூட்டிவிட்டார்கள். கலிபோர்னியாவும் ஆரிகனும் இதே பாதையில் முன்பே இறங்கியிருந்தன.

அந்தக் கடிதத்தை அனுப்பிவிட்டு உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. என் சொந்த ஊர் சட்டமன்ற உறுப்பினருக்கு நான் ஒரு வரி கூட எழுதியதில்லை. அப்பாவும் எழுதியதில்லை.

எங்கள் ஊர் சத்தியவேடு. சென்னையிலிருந்து ஊத்துக்கோட்டை வழியாக வந்தால், எல்லையைத் தாண்டியதும் வரும் ஊர். ஒரு காலத்தில் இந்தப் பகுதியெல்லாம் செங்கல்பட்டு ஜில்லா. படாஸ்கர் தீர்ப்பின்படி 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி சென்னை மாகாணத்துக்குப் போனது. அதற்கு மாற்றாக, பொன்னேரி, திருவள்ளூர் தாலுகாக்களிலிருந்து பிரித்த கிராமங்கள் சத்தியவேடு தாலுகாவாகி ஆந்திராவின் சித்தூர் ஜில்லாவில் சேர்ந்தன. 2022 ஏப்ரலிலிருந்து நாங்கள் திருப்பதி ஜில்லா. வீட்டில் தமிழ், ஆபீசில் தெலுங்கு. பஸ் மட்டும் ரெண்டு மாநிலத்தினுடையதும் வரும்.

அப்பாவுக்கு பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் டீக்கடை. டிரைவர் டீ குடிக்க இறங்கினாலும் இன்ஜினை அணைக்க மாட்டார். அணைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகாது என்ற பயம். புகை நேராகக் கடைக்குள் வரும். சாயங்காலம் பிஸ்கெட் பாட்டில்களைத் துடைத்தால் துணி கறுத்துவிடும். அப்பா பீடி தொட்டதில்லை. ஆனாலும் ஐம்பது வயதில் இழுப்பு வந்தது. பஸ் புகைதான் காரணம் என்று எந்த டாக்டரும் எழுதித் தரவில்லை, நானும் அப்படிச் சாதிக்க மாட்டேன். ஆனால் அந்தத் துணியை நான் பார்த்திருக்கிறேன்.

அந்தப் புகையில் என்ன இருந்தது? 1996-க்கு முன் நம் நாட்டு டீசலில் கந்தகம் 1 சதவீதம் வரை இருக்கலாம். அதாவது பத்து லட்சம் பங்கில் 10,000. கந்தகம் எரிந்தால் நுண்துகளாகி நுரையீரலுக்குள் போகும். அதோடு, புகையை வடிகட்டும் கருவியை வண்டியில் பொருத்தினாலும் கந்தகம் அதைக் கெடுத்துவிடும். அதனால் முதலில் எண்ணெய் சுத்தமானால்தான் வண்டியைச் சுத்தமாக்க முடியும். பெட்ரோலில் காரீயம் வேறு இருந்தது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் விஷம் அது. காரீயமில்லாத பெட்ரோல் 1995-ல் நான்கு பெருநகரங்களுக்கு வந்தது. நாடு முழுமைக்கும் வர 2000 பிப்ரவரி ஆனது.

இதையெல்லாம் அசைத்தது பெரும்பாலும் கோர்ட்டுதான். வழக்கறிஞர் எம்.சி. மேத்தா டெல்லிக் காற்றுக்காக உச்ச நீதிமன்றம் போனது 1985-ல். 1998 ஜூலை 28-ல் உத்தரவு வந்தது: 2001 மார்ச் 31-க்குள் டெல்லியின் எல்லா பஸ்களும் சி.என்.ஜி.க்கு மாற வேண்டும். அரசாங்கம் அவகாசம் கேட்டது, பஸ் முதலாளிகள் முடியாது என்றார்கள், எரிவாயு பங்க்குகளில் மைல் கணக்கில் வரிசை நின்றது. நீதிமன்றம் விடவில்லை. 2002 ஏப்ரலில், மாறாத பஸ்ஸுக்கு நாளொன்றுக்கு 500 ரூபாய் அபராதம் போட்டது. அந்த வருட முடிவில் டெல்லி நகர டீசல் பஸ்கள் போய்விட்டன.

டெல்லிக்குக் கோர்ட் இருந்தது. சத்தியவேட்டுக்கு? 2010-ல் பி.எஸ்.4 எரிபொருள் 13 நகரங்களுக்கு மட்டும் வந்தது. சென்னையும் ஹைதராபாத்தும் உண்டு, எங்கள் ஊர் இல்லை. சென்னை டீசலில் பத்து லட்சத்துக்கு 50 பங்கு கந்தகம், பழைய பி.எஸ்.3 டீசலில் 350. நாடு முழுக்க 50 ஆனது 2017 ஏப்ரலில். பி.எஸ்.6 வந்து 10 ஆனது 2020 ஏப்ரலில். ஆக, 10,000 என்பது 10 ஆகக் கால் நூற்றாண்டு. அப்பா கடை நடத்திய காலமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

"அதுதான் எண்ணெய் சுத்தமாகிவிட்டதே, இனி என்ன?" என்று கேட்கலாம். புது எண்ணெயைப் பழைய இன்ஜினில் ஊற்றினால் புகை குறையும், நிற்காது. பஸ்ஸை மாற்ற வேண்டும். இங்கேதான் மாநிலங்கள் வருகின்றன. எண்ணெயின் தரம் டெல்லியின் கையில். ஆனால் அரசு பஸ் வாங்குவது மாநிலம். வாகன வரி மாநிலம். பெட்ரோல், டீசலுக்கும் ஜி.எஸ்.டி.க்குள் வராத சி.என்.ஜி.க்கும் வாட் வரி போடுவது மாநிலம். எல்லைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். விலை குறைவு என்று ஊத்துக்கோட்டைக்குப் போய் டேங்க் நிரப்புகிறவர்கள்தானே நாம்!

மனம் வைத்தால் நடக்கிறது. 2022 செப்டம்பரில் திருமலை மலைப்பாதையில் மின்சார பஸ் ஓட ஆரம்பித்தது. 2025 ஜூன் 30-ல் சென்னை வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சார பஸ்கள் கிளம்பின. ரெண்டுக்கும் நடுவில் இருக்கும் சின்ன ஊர்கள் வழக்கம்போல் வரிசையில் நிற்கின்றன. கேட்காத ஊருக்குக் கடைசியில்தான் வரும்.

ரெண்டு மாநிலம் சேர்ந்து என்ன செய்துவிடும் என்று அலுத்துக்கொள்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 1983-ல் என்.டி.ஆரும் எம்.ஜி.ஆரும் ஒப்பந்தம் போட்டார்கள். 1996-ல் கிருஷ்ணா தண்ணீர் தமிழ்நாட்டு எல்லையைத் தொட்டது. அந்தக் கால்வாய் எங்கள் ஊர்ப் பக்கமாகத்தான் போகிறது. தண்ணீர் எல்லை தாண்டும் என்றால் புகையில்லாத பஸ்ஸும் தாண்டும்.

போன மாதம் சத்தியவேடு எம்.எல்.ஏ.வுக்கு ஒரு கடிதம் எழுதி அப்பாவுக்கு அனுப்பினேன், தெலுங்கில். ஊத்துக்கோட்டையில் இருக்கும் மாமா அவர் தொகுதிக்குத் தமிழில் ஒன்று கொடுத்திருக்கிறார். கேட்டது ஒன்றே ஒன்று: அடுத்து வாங்கும் புகையில்லாத பஸ்களில் நான்கை இந்தத் தடத்தில் விடுங்கள். பதில் இன்னும் வரவில்லை. கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்த அப்பா போனில் நடுநடுவே இருமிக்கொண்டே சொன்னார்: "வாங்கி வெச்சுக்கிட்டாங்கப்பா. அடுத்த மாசம் திரும்பப் போய்க் கேக்கறேன்."

உங்களுக்கும் ஒரு பஸ் ஸ்டாண்டு இருக்கும். அடுத்த முறை ஊருக்குப் பேசும்போது, அங்கே எம்.எல்.ஏ. யார் என்று கேட்டு வையுங்கள்.