கண்டியில் இராணுவத் தண்டனை (1803–1849)

பிரித்தானியர் கண்டி மீது முதன்முதலாகப் படையெடுத்த 1803 முதல் மாத்தளைக் கிளர்ச்சி வழக்குகள் முடிந்த 1849 வரை, கண்டியிலும் அதன் சுற்றுப்புறத்திலும் இராணுவ நீதிமன்றங்கள் மூன்று பெரும் கட்டங்களில் இயங்கின. சிப்பாயை அடக்க ஏற்பட்ட சட்டம் இந்த நாற்பத்தாறு ஆண்டுகளுக்குள் ஊராரையும் சுடும் சட்டமாகிவிட்டது.

பிரான்ஸ் 1832 இல் தண்டனை பெற்றவர்களைக் கொண்டே அல்ஜீரியாவில் தனிப் பட்டாளங்கள் அமைத்தது. அப்படிப்பட்ட பட்டாளம் இலங்கையில் இருந்ததில்லை. ஆனாலும் இங்கு வந்த சிப்பாய்களில் பலர் தாமாக விரும்பி வந்தவர்கள் அல்லர். ஒல்லாந்தர் ஜாவாவிலிருந்து நாடுகடத்தியவர்களும் அவர்களுடைய வழித்தோன்றல்களும் மலாய்ப் படையில் இருந்தனர். கோவாவிலும் மொசாம்பிக்கிலும் விலைக்கு வாங்கப்பட்ட ஆப்பிரிக்கர் காப்பிரிப் படையில் சேர்க்கப்பட்டனர். இத்தகையோரிடம் அரச விசுவாசத்தை எதிர்பார்த்ததும், அது தவறியபோது மரண தண்டனை விதித்ததும் ஒரே அரசுதான்.

1803 பெப்ரவரியில் ஜெனரல் மக்டோவலின் படை, கைவிடப்பட்டு எரிந்துகொண்டிருந்த கண்டிக்குள் நுழைந்து, தாம் ஆதரித்த அரசுரிமைக் கோரிக்கையாளர் முத்துசாமியை அரியணையில் ஏற்றியது. ஏப்ரலில் மக்டோவல் திரும்பிவிட, எஞ்சிய காவற்படையைக் காய்ச்சலும் பட்டினியும் அரித்தன. மலாயர் பலர் கண்டியர் பக்கம் நழுவினர். ஜூன் 24 அன்று காவற்படைத் தலைவர் மேஜர் டேவி கண்டியரிடம் சரணடைந்தார். வட்டப்புலுவவில் பெருகியோடிய மகாவலியைக் கடக்க வழியின்றி நின்ற டேவி முத்துசாமியை ஒப்படைத்தார்; ஆயினும் ஜூன் 26 அன்று டேவியின் வெள்ளைச் சிப்பாய்கள் வெட்டிக் கொல்லப்பட்டனர். நகரில் விட்டுச் சென்ற நோயாளிகளும் தப்பவில்லை. மலாயர் தலைவர் கப்டன் நூருதீன், கண்டி அரசன் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கனிடம் சேவைக்குச் சேர மறுத்ததால், சகோதரருடன் கொல்லப்பட்டார்.

அந்தக் காவற்படையில் தப்பியவர்களுள் இருவரை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். ஒருவர் வங்காளப் பீரங்கிப் படையைச் சேர்ந்த ஐரோப்பியரான தோமஸ் தோயன். தூக்கிலிட்டபோது கயிறு அறுந்ததால் பிழைத்து, கண்டியில் மணம்புரிந்து பன்னிரண்டு ஆண்டுகள் வாழ்ந்தார். 1815 இல் கண்டி பிரித்தானியரிடம் விழுந்ததும் மீண்ட கைதியாக வரவேற்கப்பட்டார். மற்றவர் மலாய்ப் படையின் முரசுத் தலைவர் ஊதீன். அவரும் 1803 இல் சிக்கியவரே. ஆனால் அரசனின் சேவையில் சேர்ந்தார் என்று இராணுவ நீதிமன்றம் அவருக்கு மரண தண்டனை விதித்தது. அது பின்னர் நாடுகடத்தலாகக் குறைக்கப்பட, 1816 இல் மனைவி பிள்ளைகளோடு சிட்னி போய்ச் சேர்ந்தார். பிற்காலத்தில் ஆஸ்திரேலியாவின் வடகரையிலிருந்த ராஃபிள்ஸ் குடாக் குடியேற்றத்தில் அதே அரசுக்கு மலாய் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்தார். தோயன் ஆயுதம் ஏந்தவில்லை, ஊதீன் ஏந்தினார் என்பது சட்டத்தின் விளக்கம். மறுத்த நூருதீனுக்கு என்ன நேர்ந்தது என்பதைக் கண்ட ஒருவருக்கு வேறு வழி இருந்ததா என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை.

பிரித்தானிய ஆட்சிக்கு எதிரான 1817–18 ஊவாக் கிளர்ச்சியில் இதே அளவுகோல் படைக்கு வெளியே இருந்தவர்கள்மேல் விழுந்தது. கிளர்ச்சியை அடக்க அனுப்பப்பட்ட திசாவை கெப்பெட்டிபொல, ஆளுநர் கொடுத்த ஆயுதங்களைத் திருப்பி அனுப்பிவிட்டே எதிர்ப்பக்கம் சேர்ந்தார். அந்த நேர்மை அவரைக் காக்கவில்லை. இராணுவ நீதிமன்றத் தீர்ப்பின்படி 1818 நவம்பர் 26 அன்று கண்டியில் அவருடைய தலையும் சக கிளர்ச்சித் தலைவர் மடுகல்லவின் தலையும் துண்டிக்கப்பட்டன. கைதிகள் பலர் மொரிசியசுக்கு நாடுகடத்தப்பட்டனர்.

கெப்பெட்டிபொலவின் மண்டையோட்டை எடின்பரோவுக்குக் கொண்டுசென்றவர் இராணுவ மருத்துவர் ஹென்றி மார்ஷல். அது 1954 இல் திரும்பி வந்து, தலதா மாளிகைக்கு எதிரே உள்ள நினைவுத்தூணின் கீழ் அடக்கம் செய்யப்பட்டது. அதே மார்ஷல்தான் பின்னாளில் சிப்பாய்களுக்கான கசையடியைக் கண்டித்து எழுதினார். இலங்கை பற்றிய அவரது நூலும் இராணுவத் தண்டனைகளின் வரலாற்றை உள்ளடக்கிய நூலும் 1846 இல் வெளிவந்தன. அதே ஆண்டு, ஹவுன்ஸ்லோவில் கசையடிபட்ட சிப்பாய் ஒருவர் இறந்ததால் எழுந்த கொந்தளிப்பில், பிரித்தானியப் படையில் கசையடியின் உச்ச எண்ணிக்கை 50 ஆக்கப்பட்டது. 1881 இல் அது முற்றாக ஒழிந்தது.

இந்த இளக்கம் கண்டியின் குடிமக்களை எட்டவில்லை. புதிய வரிகளை எதிர்த்து மாத்தளையில் கிளர்ச்சி மூண்டதும், ஆளுநர் டொரிங்டன் 1848 ஜூலை 29 அன்று கண்டியில் இராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்தார். ஆகஸ்ட் 8 அன்று கிளர்ச்சித் தலைவர்களுள் ஒருவரான புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டார். ஆகஸ்ட் 26 அன்று கடஹபொல தேரர் காவியுடையோடு சுடப்பட்டார். உயர் நீதிமன்றம் கண்டியிலேயே கூடிக் கிளர்ச்சி வழக்குகளை விசாரித்து, பிரதம நீதியரசர் ஒலிஃபன்ட் கருணை காட்டுமாறு பரிந்துரைத்த வேளையிலும் இராணுவ நீதிமன்றங்கள் நிற்கவில்லை. ஆபத்து அடங்கிய பின்னும் தொடர்ந்த இந்தக் கொலைகளுக்குத் தேவை என்று பெயர் சூட்டுவது கடினம். பிரித்தானிய நாடாளுமன்றக் குழு இதை விசாரித்தது. 1850 இல் டொரிங்டன் திருப்பி அழைக்கப்பட்டார்.

தம்மை மன்னராக அறிவித்த கொங்காலேகொட பண்டா செப்டெம்பரில் பிடிபட்டார். உயர் நீதிமன்றம் அவரைத் தூக்கிலிடத் தீர்ப்பளித்தது. அது குறைக்கப்பட்டு, 100 கசையடியும் மலாக்காவுக்கு நாடுகடத்தலும் என்றானது. சிப்பாயின் முதுகுக்கு விதித்த வரம்பைப்போல் இரு மடங்கு அது. 1849 டிசம்பர் 1 அன்று அவர் மலாக்காவில் இறந்தார்.