தந்தை வழித் தடமும் நம் கடற்கரையும்

"உங்கள் முன்னோர் எங்கிருந்து வந்தவர்கள்?" என்னும் வினா, நம் கடற்கரை ஊர்களில் திருமணப் பேச்சின்போது தவறாமல் எழுவதுண்டு. சில குடும்பத்தார் அரபு நாட்டுக் கப்பலைச் சொல்வர். சிலர் உள்நாட்டுக் கிராமம் ஒன்றைச் சொல்வர். மரபணுச் சோதனை செய்தால் இதற்கு உறுதியான விடை கிடைக்கும் என்ற பேச்சு இப்பொழுது பரவியுள்ளது. அச்சோதனை எதனைச் சொல்லும், எதனைச் சொல்லாது என்பதை ஜமாஅத்தார் அறிந்திருத்தல் நன்று.

மனித உயிரணுவில் 23 இணை குரோமோசோம்கள் உள்ளன. அவற்றுள் 'ஒய்' குரோமோசோம் ஆண்களுக்கு மட்டுமே உரியது. அதன் பெரும்பகுதி தாய்வழிக் கலப்பின்றித் தந்தையிடமிருந்து மகனுக்கு அப்படியே செல்கிறது. ஏறக்குறைய 6 கோடி எழுத்துகள் கொண்ட அந்நீண்ட ஏட்டைத் தலைமுறைதோறும் படியெடுக்கும்போது, அரிதாக ஓர் எழுத்து மாறிவிடும். அம்மாற்றம் பின்வரும் ஆண் வாரிசுகள் அனைவரிடமும் முத்திரையாக நிலைத்துவிடுகிறது. ஒரே முத்திரையைக் கொண்டவர்களை அறிஞர்கள் ஒரு மரபுக் குழுவாக வகுக்கின்றனர். இதனையே 'ஹாப்லோகுரூப்' என்பர்.

இத்துறையில் தமிழகத்துக்குச் சிறப்பான இடமுண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் இராமசாமி பிச்சப்பன், அமெரிக்க ஆய்வாளர் ஸ்பென்சர் வெல்ஸ் ஆகியோர் இணைந்து செய்த ஆய்வில், உசிலம்பட்டி அருகேயுள்ள ஜோதிமாணிக்கம் கிராமத்தவர் ஒருவரிடம் 'எம்130' என்னும் மிகப் பழைமையான முத்திரை கண்டறியப்பட்டது. ஆப்பிரிக்காவிலிருந்து புறப்பட்டுக் கடலோரமாகவே ஆஸ்திரேலியா வரை சென்ற ஆதி மனிதரின் தடம் அது என வெல்ஸ் எடுத்துரைத்தார். 2005இல் தொடங்கிய 'ஜீனோகிராஃபிக்' திட்டத்தின் இந்தியப் பணியும் மதுரையிலேயே நடைபெற்றது.

ஆயினும் ஆஸ்திரேலியப் பழங்குடியினர் தமிழரின் வழித்தோன்றல்கள் என்று இதற்குப் பொருளில்லை. ஒரு தந்தைக்குப் பிறந்து வெவ்வேறு ஊர்களில் குடியேறிய உடன்பிறந்தார் போன்ற உறவே இது. அவ்விரு கிளைகளும் 50,000 ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டன என 2016இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. பனிக்காலத்தின் உச்சத்தில் கடல்மட்டம் இன்றுள்ளதைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. ஆகவே அம்மனிதர் நடந்த பழங்கரை இன்று நீரின் அடியில் கிடக்கிறது. மரக்காணம் உப்பளங்களின் ஓரம் நாம் காணும் கரை மிகப் பிற்காலத்தது.

2012இல் வெளியான மற்றோர் ஆய்வில், தமிழகத்தின் 31 சமுதாயப் பிரிவுகளைச் சேர்ந்த 1,680 ஆண்கள் சோதிக்கப்பட்டனர். அவர்களுள் ஏறத்தாழ 81 விழுக்காட்டினரிடம் காணப்பட்டவை, நெடுங்காலமாக இம்மண்ணில் வேரூன்றியவை என அவ்வாய்வாளர் கருதிய மரபுக் குழுக்களே. ஹெச், எல்1, ஆர்2 முதலியன அவற்றுள் அடங்கும்.

முஸ்லிம்களைப் பற்றியும் தனி ஆய்வு உண்டு. தமிழகம், குஜராத் ஆகிய மாநிலங்களின் தாவூதி போராக்கள், கேரள மாப்பிள்ளைமார், வட இந்திய முஸ்லிம்கள் உள்ளிட்டோரிடம் நடத்தப்பட்ட அவ்வாய்வு 2009இல் வெளியாயிற்று. அவர்களுள் பெரும்பாலோரின் மரபணு, அண்டை வாழும் முஸ்லிமல்லாத மக்களின் மரபணுவை ஒத்தே இருந்தது. மேற்காசிய, அரேபிய, ஆப்பிரிக்கத் தடங்கள் சிறிய அளவில் காணப்பட்டன. ஆக, கடல்வழி வந்தவர்களும் உண்மை. இம்மண்ணிலேயே பிறந்து மார்க்கத்தை ஏற்றவர்கள் மிகப் பலர் என்பதும் உண்மை.

இங்கு இரண்டு செய்திகளை மனத்தில் இருத்த வேண்டும். முதலாவது, மரபுக் குழுக்களின் வயது பல்லாயிரம் ஆண்டுகள். அரேபியாவில் மிகுதியாக உள்ள 'ஜே1' குழு, அரபியர் என்ற பெயர் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே உருவானது. அது ஒருவரிடம் இருப்பதனாலேயே அவர் இன்ன குடும்பத்தின் வழிவந்தவர் என்று நிறுவிவிட முடியாது.

இரண்டாவது, 10 தலைமுறைக்கு முன் ஒருவருடைய மூதாதையர் வரிசையில் 1,024 இடங்கள் உண்டு. 'ஒய்' குரோமோசோம் அவற்றுள் ஒன்றே ஒன்றைப் பற்றித்தான் பேசும். தாயின் தந்தை அரபு வணிகராகவே இருந்தாலும் பேரனின் சோதனையில் அவருடைய தடம் தெரியாது. பெண்களின் 'ஒய்' தடமோ அறவே இல்லை. தாய்வழியை மட்டும் காட்டும் 'மைட்டோகாண்ட்ரியா' சோதனை வேறு. அதுவும் ஒற்றை வழியையே காட்டும்.

சங்க நூலான சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் மரக்காணமே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அத்தகைய பழந்துறைமுகக் கரையில் பல நாட்டவர் வந்து கலந்திருப்பர் என்பதில் வியப்பில்லை. குலப் பெருமைக்கு மார்க்கத்தில் இடமில்லை என்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் இறுதிப் பேருரையில் தெளிவுறுத்தினார்கள். பெண் கொடுப்பதற்கும் எடுப்பதற்கும் இச்சோதனையை அளவுகோலாக்குவது, அறிவியலுக்கும் பொருந்தாது, மார்க்கத்துக்கும் பொருந்தாது.

குடும்ப வரலாற்றை அறிய விழைவோருக்கு அருகிலேயே ஒரு கருவூலம் உண்டு. அது ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேடு. மணமக்களின் பெயரோடு தாயார், பாட்டியார் ஆகியோரின் பெயரையும் பூர்வீக ஊரையும் இனி அதில் எழுதி வைப்போமாக. மூத்தோர் நினைவில் உள்ளவற்றை அவர்கள் இருக்கும்போதே கேட்டுக் குறித்துக்கொள்வோமாக. 'ஒய்' குரோமோசோம் சொல்லாமல் விட்டுவிடும் அன்னையரின் வரலாறு அவ்வேட்டில்தான் தங்கும்.