டூசான் மெக்சிகன் அமெரிக்கக் கல்வித் தடை

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், டூசான் நகரப் பொதுப்பள்ளிகளில் நடந்துவந்த மெக்சிகன் அமெரிக்கக் கல்வித் திட்டத்தை மாநில அரசு 2010ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் வழியாக முடக்கியதும், அதை எதிர்த்து 2017 வரை நடந்த வழக்கும் இப்பெயரால் அறியப்படுகின்றன.

டூசான், 1850களில் காட்ஸ்டன் உடன்படிக்கையின்படி மெக்சிகோவிடமிருந்து அமெரிக்கா விலைக்கு வாங்கிய நிலப்பரப்பில் உள்ள ஊர். இங்குள்ள பள்ளிப் பிள்ளைகளில் பாதிக்கும் மேற்பட்டோர் மெக்சிகன் வழிவந்தவர்கள். அவர்களுடைய முன்னோரின் வரலாறும் இலக்கியமும் பாடநூல்களில் ஓரமாகவே இடம்பெற்றிருந்தன. அந்தக் குறையைப் போக்கவே 1998இல் திட்டம் தொடங்கப்பட்டது. இதில் படித்தவர்கள் மாநிலத் தேர்வுகளில் தேறுவதும் பள்ளிப்படிப்பை முடிப்பதும் கூடுதலாக இருந்ததை 2014இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

பூசல் 2006இல் மூண்டது. தொழிலாளர் தலைவர் டோலோரஸ் ஹுவர்ட்டா டூசான் உயர்நிலைப்பள்ளியில் பேசியபோது, குடியரசுக் கட்சியினர் லத்தீனோ மக்களை வெறுப்பதாகக் கூறினார். மாநிலக் கல்வித்துறைத் தலைவர் டாம் ஹார்ன் இதற்கு மறுப்புச் சொல்லத் தம் துணை அதிகாரியை அனுப்பினார். அவரிடம் கேள்வி கேட்க அனுமதிக்கப்படாத மாணவர்கள் வாயில் ஒட்டுநாடாவை ஒட்டிக்கொண்டு, முதுகைத் திருப்பி நின்று, பிறகு வெளியேறினர். பிள்ளைகளைத் தனிமனிதர்களாகப் பார்க்க வேண்டுமே தவிர இனவாரியாகப் பிரிக்கக்கூடாது என்பது இத்திட்டத்தை எதிர்த்த ஹார்னின் வாதம். 1963இல் வாஷிங்டனில் நடந்த குடிமை உரிமைப் பேரணியில் தாம் கலந்துகொண்டதையும் அவர் எடுத்துக்காட்டினார்.

ஆளுநர் ஜான் புரூவர் 2010 மே மாதம் ஒப்பமிட்ட எச்.பி. 2281 சட்டம், ஓர் இனத்தின்மீது மனக்கசப்பை வளர்க்கும் பாடங்களையும், தம் இனத்துக்குள்ளான ஒற்றுமையை வலியுறுத்தும் பாடங்களையும் தடைசெய்தது. மீறும் பள்ளி மாவட்டத்துக்கு மாநில நிதியில் 10 விழுக்காடு நிறுத்தப்படும். சட்டத்தின் வாசகம் எல்லாருக்கும் பொதுவானது. பாய்ந்ததோ ஒரே திட்டத்தின்மீது. அதே டூசானில் நடந்த ஆப்பிரிக்க அமெரிக்கப் பாடங்கள் தொடப்படவில்லை. வழக்கின் உயிர்நாடி இந்த வேறுபாட்டில்தான் இருந்தது.

ஹார்னுக்குப் பின் பொறுப்பேற்ற ஜான் ஹப்பென்தால் 2011இல் ஒரு தணிக்கைக்கு ஏற்பாடு செய்தார். வகுப்பறைகளுக்கு நேரில் சென்று பார்த்த தணிக்கையாளர்கள், சட்டமீறலுக்குச் சான்று எதுவும் இல்லை என்றே எழுதினர். அரசே கேட்டு வாங்கிய அறிக்கை அது. இருந்தும் ஹப்பென்தால் அதைப் புறந்தள்ளித் திட்டம் சட்டத்துக்குப் புறம்பானது என அறிவித்தார். அதற்கு முன்பே, அந்த ஆண்டு ஏப்ரலில், திட்டத்தைக் காக்க மாணவர்கள் பள்ளி வாரியக் கூட்டத்தில் புகுந்து, உறுப்பினர்களின் நாற்காலிகளில் தங்களைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டனர். நிதி போய்விடும் என்று அஞ்சிய வாரியம் 2012 ஜனவரியில் திட்டத்தை நிறுத்தியது. பாவ்லோ ஃபிரெய்ரே, ரொடோல்ஃபோ அகுன்யா ஆகியோருடையவை உட்பட ஏழு நூல்கள் வகுப்பறைகளிலிருந்து எடுக்கப்பட்டு, பெட்டிகளில் கட்டப்பட்டுக் கிடங்குக்குப் போயின. நூலகங்களில் அவை உள்ளனவே, இது தடையாகாது என்றது பள்ளி நிர்வாகம். பாடம் நடக்கும் அறையிலிருந்து அகற்றிய நூலை நூலக அலமாரியில் காட்டுவது சரியான பதில் அல்ல. டெக்சாசைச் சேர்ந்த எழுத்தாளர் டோனி டியாஸ் அதே ஆண்டில் அந்நூல்களைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு டூசானுக்கு வந்தார்.

ஆசிரியர்களும் மாணவர்களும் தொடுத்த வழக்கை விசாரித்த நீதிபதி வாலஸ் தஷிமா, 2013இல் சட்டத்தின் பெரும்பகுதி செல்லும் என்றார். உள்நோக்கம் பற்றி முழு விசாரணை வேண்டும் என 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்கைத் திருப்பி அனுப்பியது. விசாரணையில், மெக்சிகன் அமெரிக்கர்களை இழிவுபடுத்தி ஹப்பென்தால் புனைபெயரில் இணையத்தில் எழுதியவை சான்றாயின. 2017 ஆகஸ்டில் தஷிமா, சட்டம் இயற்றப்பட்டதற்கும் செயல்படுத்தப்பட்டதற்கும் பின்னால் இனப்பகைமை இருந்தது எனத் தீர்ப்பளித்தார். டிசம்பரில் சட்டத்துக்கு நிரந்தரத் தடை விதித்தார். ஜப்பானிய வழிவந்த தஷிமா, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சிறுவனாக அரிசோனாவின் போஸ்டன் முகாமில் அடைக்கப்பட்டிருந்தவர்.

முடக்கப்பட்ட திட்டம் பழைய வடிவில் மீளவில்லை. ஆனால் கலிபோர்னியாவில் பல பள்ளி மாவட்டங்கள் இதே போன்ற பாடங்களைத் தொடங்கின. உயர்நிலைப் படிப்பை முடிக்க இனக்குழுக் கல்வியும் தேவை என அம்மாநிலம் 2021இல் சட்டம் இயற்றியது. பள்ளிகளில் இனம்பற்றிய விமர்சனக் கோட்பாடு கற்பிக்கப்படுவதை எதிர்த்துப் பரப்புரை செய்த ஹார்ன், 2022 தேர்தலில் வென்று அரிசோனாவின் அதே கல்விப் பதவிக்குத் திரும்பினார்.