அத்லாந்தா யூதசபையும் ஓர் ஓய்வுநாள் வழிபாடும்

யூதரின் ஓய்வுநாளாகிய சபாத்து, வெள்ளிக்கிழமை மாலை கதிரவன் மறைவோடு தொடங்குவது. அந்நாளுக்கு அவர்தம் மறை இரு காரணங் கூறும். உலகைப் படைத்த இறைவன் ஏழாம் நாள் ஓய்ந்தான் என்பது யாத்திராகமத்தின் கூற்று. உபாகமமோ, எகிப்திலே அடிமைகளாயிருந்த பழைய நிலையை நினைப்பித்து, ஏவலாளரும் தம் தலைவனைப் போலவே இளைப்பாறுதல் வேண்டும் என விதிக்கும். இக்காலத்தார் சமூக நீதி என வழங்குவது அவ்வழிபாட்டிற்குப் புறம்பானதன்று என்பது இதனாற் பெறப்படும். ஆயின், அந்நீதியைத் தாம் வாழும் ஊரிலே எடுத்துரைத்தல் எளிதோவெனின், அன்று.

ஐக்கிய அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள அத்லாந்தா நகரிலே 1867ஆம் ஆண்டு தோன்றிய யூதசபையின் வரலாறு இதற்குச் சான்றாகும். அச்சபையைச் சேர்ந்த லியோ பிராங் என்பவர், 1913இல், ஒரு சிறுமியைக் கொன்றாரெனத் தீர்க்கப்பட்டார். சான்றுகளில் ஐயுற்ற ஆளுநர் மரணதண்டனையை ஆயுட்சிறையாக மாற்றினார். அது பொறாத ஒரு கும்பல் 1915 ஆகத்து மாதத்தில் அவரைச் சிறையினின்றும் கவர்ந்துசென்று மரத்திலே தூக்கிற்று. அதன்பின் அந்நகர யூதருட் பலர் அயலாரின் வழக்கத்தோடு ஒட்டி வாழ்தலே காப்பெனக் கொண்டனர். கறுப்பின மக்களை ஒதுக்கிய சட்டங்களைப் பற்றி வாய் திறவாமையும் அதில் அடங்கும். அச்சத்திற் பிறந்த இம்மௌனத்தைக் கோழைமையென இகழ்தல் தொலைவிலிருப்பார்க்கு எளிது.

1946இல் ஜேக்கப் றொத்சைல்ட் அச்சபையின் குருவாக வந்தார். உலகப்போரிலே குவாடல்கனால் தீவிற் படைக்குருவாயிருந்தவர். 1948ஆம் ஆண்டு யூதப் புத்தாண்டு வழிபாட்டிலேயே இனவொதுக்கலைக் கண்டித்தார். பாடசாலைகளில் இனப்பிரிவினை கூடாதென உச்ச நீதிமன்றம் 1954இல் தீர்ப்பளித்தபின்னும் அவர் ஓயவில்லை. சபையார் சிலர் அஞ்சினர். அவ்வச்சம் வீணானதன்று.

1958 ஒக்ரோபர் 12, ஞாயிறு அதிகாலை 3.37 மணிக்கு, ஏறக்குறைய ஐம்பது டைனமைற் குச்சிகள் வெடித்து ஆலயத்தின் ஒரு பக்கத்தைத் தகர்த்தன. உயிர்ச்சேதம் இல்லை. சில மணி நேரம் பிந்தியிருப்பின் ஞாயிற்றுப் பாடசாலைப் பிள்ளைகள் அங்கு நிறைந்திருப்பர். நகர முதல்வர் ஹாற்ஸ்பீல்ட், சட்டத்தை மீறுமாறு மக்களைத் தூண்டிய அரசியல்வாதிகளே இதற்குப் பொறுப்பாளிகள் என இடித்துரைத்தார். அக்கருத்தையே வற்புறுத்திப் பத்திரிகாசிரியர் ரால்ப் மக்கில் எழுதிய தலையங்கம் அவருக்கு 1959இல் புலிட்சர் பரிசு கிடைப்பதற்கு ஏதுவாயிற்று.

அவ்வார வெள்ளிக்கிழமை வழிபாட்டிற்கு ஆலயங் கொள்ளாத கூட்டம் திரண்டது. உங்களை ஆலயத்திற்கு வரச்செய்ய இத்துணை வேண்டியிருந்ததோ எனக் குரு நகையாடினார் என்பர். அன்றைய பிரசங்கத்தின் பொருள், ஒவ்வொருவனும் அச்சமின்றி வாழும் நாளைப் பற்றிய மீகா தீர்க்கதரிசியின் மொழியினின்றும் எடுக்கப்பட்டது. அச்சுறுத்த முயன்றவர் தோற்றனர் என்பதே அவர் கருத்து. குண்டுக்குப் பின் அவர் தம் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை; சபையாரும் அவரை விலக்கவில்லை. இதனை அச்சபையாரின் தனிச்சிறப்பு எனலாம்.

ஐவர் மீது குற்றஞ் சாட்டப்பட்டது, விசாரிக்கப்பட்டவர் ஒருவரே. முதல் விசாரணையில் ஜூரர் ஒருமைப்படவில்லை. 1959 ஜனவரியில், இரண்டாம் விசாரணையில், அவர் விடுதலையானார். எவரும் தண்டிக்கப்படவில்லை.

நோபல் பரிசு பெற்ற மாட்டின் லூதர் கிங்கைப் பாராட்டி 1965 ஜனவரி 27ஆந் திகதி அத்லாந்தா நகரில் இரு இனத்தாரும் கூடியிருந்து உண்ட விருந்தை ஒழுங்குசெய்தவருள் றொத்சைல்டும் ஒருவர்.